அடுப்பு பாயின் வட்டியில்லாக் கடன்

பர்னரைக் கழற்றிப் புளித்தண்ணீரில் போட்ட பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்பார். "லோன் தரேன்னு யாராச்சும் போன் பண்ணாங்களா?" கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்க மாட்டார். கேஸ் வரும் ஜெட்டின் துளையில் மெல்லிய கம்பியை விட்டு இழுத்தபடி பதிலுக்குக் காத்திருப்பார். இல்லை என்றால், "வரும்" என்பார். ஆமாம் என்றால் கம்பியைக் கீழே வைத்துவிடுவார். "முன்னாடி காசு கேட்டானா? ஃபைல் சார்ஜ், இன்சூரன்ஸ், ஜிஎஸ்டி, எதுனா ஒரு பேரு சொன்னானா? கேட்டிருந்தா அது கடன் இல்லீங்க. நான் கட்டி ஏமாந்தவன். அதனால சொல்றன்."

கேஸ்கட் தேய்ந்துவிட்டது என்று எந்தக் குரலில் சொல்வாரோ அதே குரலில்தான் தான் ஏமாந்ததையும் சொல்வார். வெட்கமும் இருக்காது, பெருமூச்சும் இருக்காது. கேட்பவர்கள்தான் என்ன செய்வதென்று தெரியாமல் சுவரைப் பார்ப்பார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டுக்காரம்மா முதல் வாக்கியத்தோடு சரி, "எங்களுக்கு லோன் எதுவும் வேணாம் பாய்" என்று கதவைச் சாத்திவிட்டாராம். "அவுங்க அடுப்பு உள்ள. பர்னரு ரெண்டும் என் கையில. கழுவிக்கிட்டு நான் வாசல்ல. பெல் அடிக்கிறன், 'வேணாம்னு சொன்னனில்ல' ன்னு உள்ளேர்ந்து சத்தம். பக்கத்து வீட்டு ஆள வச்சி சமாதானம் பேசி பர்னரக் குடுத்துட்டு வந்தன்." இதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பார். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை.

அப்துல் ஹக் என்ற பெயர் ரேஷன் கார்டிலும் பள்ளிவாசலிலும்தான் புழங்குகிறது. சிதம்பரம் தேர் வீதிகளில் அவர் அடுப்பு பாய். அறுபதைத் தாண்டிய, ஒல்லியான மனிதர். தொப்பிக்கு மேல் ஹெல்மெட் போட்டுக்கொள்வார். மொபெட்டின் பின்னால் பிஸ்கட் டின் ஒன்று ரப்பர் பட்டையால் கட்டப்பட்டிருக்கும். இரண்டு பக்கமும் ஆரஞ்சு நிற கேஸ் ட்யூப்கள் தொங்கும். வீடு பரங்கிப்பேட்டையில். வாரத்தில் பாதி நாள் சிதம்பரம், மீதி நாள் கடலூர். சிப்காட் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி, சாலையின் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே புழுதியிலேயே ஓட்டிக்கொண்டு போவார். திரும்பும்போது இடது முழங்கால் வீங்கியிருக்கும்.

வேலை முடிந்ததும் சோப்பு நுரையை எடுத்து இணைப்புகளில் தடவுவார். குமிழி வருகிறதா என்று முகத்தை மிக அருகில் கொண்டுபோய்ப் பார்ப்பார். பிறகு, "ஒரு டீ போடுங்க" என்பார். குடிப்பதற்காக இல்லை. வீட்டுக்காரர்கள் தங்கள் கையால் பற்றவைத்து, தங்கள் பாத்திரம் பொங்குவதைப் பார்த்த பிறகுதான் காசு வாங்குவார். அதற்கு முன்னால் நீட்டினால் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்.

எங்கள் வீட்டு அடுப்பை, என் மனைவி எழிலரசி இருந்தபோது, ஆண்டுக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவார். அவள் போன பிறகு அடுப்பைப் பற்றவைக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்று வேளையும் வெளியில் சாப்பிட்டேன். மழைக்காலம் முடிந்து பார்த்தபோது பர்னர்கள் பச்சை பிடித்திருந்தன. வழியில் அவரைப் பார்த்துக் கூப்பிட்டேன். உள்ளே வந்ததும், "அம்மா இல்லீங்களா?" என்றார். அவள் இறந்ததை அதுவரை அவரிடம் சொல்லியிருக்கவில்லை, அப்போதுதான் சொன்னேன். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அரபியில் ஒரு வரி முணுமுணுத்தார். அப்புறம் பர்னர்களைக் கழற்றி ஊறப்போட்டார். புளித்தண்ணீரில் பித்தளை மெல்ல நிறம் திரும்புவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார். எனக்கு வரவில்லை, அவளுடைய எண்ணுக்குத்தான் இன்னும் வருகிறது என்றேன். உங்களுக்குக் கடன் அனுமதிக்கப்பட்டுள்ளது, உடனே அழுத்தவும் என்று.

"நம்பர வச்சிருக்கீங்களா இன்னும்?"

"வைத்திருக்கிறேன்."

"ரீசார்ஜ் பண்றீங்களா?"

"ஆமாம்."

"நானும் சலீமா பீவி நம்பருக்குப் பண்ணிக்கிட்டுதான் இருந்தன். ரெண்டு வருஷம். அப்புறம் அன்வர் திட்டினான், எதுக்கு அத்தா தண்டமான்னு." சலீமா பீவி அவருடைய மனைவி. அன்வர் மகன், சவூதியில் ஏசி மெக்கானிக். மகள் ஃபர்ஹீனைத் திருச்சியில் கட்டிக் கொடுத்திருக்கிறார். "அவன் சொன்னது சரிதான. ஆனா அந்த நம்பருக்கு அடிச்சா பொட்டிக்குள்ள போன் அடிக்கும். அந்தச் சத்தத்துக்காவ வச்சிருந்தன்."

அன்று டீ போட வீட்டில் ஆள் இல்லை. அவரே போட்டு, ஒரு தம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, அது பொங்கியதை நானும் பார்த்தேனா என்று கேட்டுக்கொண்டு காசு வாங்கினார்.

வட்டி என்ற சொல்லைக் கேட்டால் அவர் முகம் சுருங்கும். வாங்குவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. நகையை அடகு வைத்ததில்லை. தவணைக்குப் பொருள் எடுத்ததில்லை. மொபெட்டைக்கூட முழுப் பணமும் சேர்ந்த பிறகுதான் வாங்கினார், அதுவும் பழையது. மகன் அனுப்பும் பணத்துக்காக வங்கிக் கணக்கு வைத்திருக்கிறார். அதில் அவர் கேட்காமலே வட்டி ஏறிவிடுகிறது. பாஸ்புக்கில் பதிந்துகொண்டு வந்ததும் அந்தச் சில்லறையைத் தனியாகப் பிரித்துவிடுவார். அதைத் தான் சாப்பிடக் கூடாது, தர்மம் என்று சொல்லிப் புண்ணியம் தேடவும் கூடாது, கையை விட்டுக் கழித்துவிட வேண்டும், அவ்வளவுதான். அதனால் அந்தக் காசுக்குப் பிளீச்சிங் பவுடரும் பினாயிலும் வாங்கிப் பேருந்து நிலையத்துக் கட்டணக் கழிப்பறையில் கொடுத்துவிடுவார். அங்கே காசு வாங்கிப் போட உட்கார்ந்திருக்கும் தைலம்மாள் இவரைப் பார்த்ததும் மூக்கை மூடியிருக்கும் முந்தானையை எடுத்துவிட்டுச் சொல்வாள்: "வாங்க பாய். உங்க வட்டி வந்தாத்தான் இந்த எடம் மணக்குது. பேங்க்ல இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி போடச் சொல்லுங்க."

முழங்கால்தான் அவரைக் கடனை நினைக்க வைத்தது. இனி வீதி வீதியாகப் போக முடியாது, ஒரு இடத்தில் உட்கார்ந்தால் அடுப்பை அவர்களே கொண்டுவருவார்கள் என்று கணக்குப் போட்டார். பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில், மாடிப்படிக்குக் கீழே, ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு ஷட்டர் போட்ட இடம் காலியாக இருந்தது. கட்டட உரிமையாளர் பழனிவேல் நல்ல மாதிரி. அட்வான்ஸுக்குப் பொங்கல் வரை பொறுத்துக்கொள்கிறேன் என்றார். மகனிடம் கேட்கலாம். ஆனால் அவனுக்கு அங்கே வேலை நிலையாக இல்லை என்று தெரிந்த பிறகு பாய் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வாட்ஸப்பில் அந்தப் படம் வந்தது. பச்சை நிறம், மேலே பிறை, கீழே கொட்டை எழுத்தில் 'வட்டியில்லாக் கடன்'. சந்தேகத்தோடுதான் அழைத்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி. வட்டி உண்டா? எதிர்ப்பக்கம் இளைஞன் ஒருவனின் குரல், முதலில் ஸலாம் சொல்லிவிட்டுப் பதில் சொன்னது. "ஒரு பைசா கெடையாது சாச்சா. அது ஹராம் இல்லியா? சர்வீஸ் சார்ஜ் மட்டும்தான், அதையும் முன்னாடியே கட்டிட்டா முடிஞ்சிது." பெயர் ரிஸ்வான் என்றான்.

சாச்சா என்றால் சித்தப்பா. அப்படிக் கூப்பிட அவருக்கு ஊரில் இப்போது யாரும் இல்லை.

பதிவுக் கட்டணம் என்றான், கட்டினார். காப்பீடு என்றான், கட்டினார். வேலை செய்கிறவனுக்குக் கூலி கொடுப்பது பாவமில்லையே என்று நினைத்துக்கொண்டார். நீங்கள் வேலை முடித்த பிறகுதானே கூலி வாங்குவீர்கள் என்று பின்னால் ஒருநாள் கேட்டேன். "அது என் பழக்கம் சார். அடுத்தவன் பழக்கத்த நான் எப்படிக் கொற சொல்றது?" என்றார்.

பணம் வரவில்லை. ஆனால் காலையில் தவறாமல் அழைப்பு வந்தது. "சாச்சா, நாஷ்டா ஆச்சா? முட்டி வலி எப்படி இருக்கு? உங்க ஃபைலு டேபிள்ள இருக்கு, டென்ஷன் ஆகாதீங்க." பாய் தன் முழங்காலைப் பற்றி அவனிடம் விளக்கமாகச் சொல்வார். கடலூர் போனேன், வீங்கிவிட்டது என்பார். நல்லெண்ணெயில் பூண்டு போட்டுக் காய்ச்சித் தடவுங்கள் என்று அவன் சொன்னான். தடவினார். நன்றாகக் கேட்டது என்று அவனிடமே சொன்னார். அன்வர் வெள்ளிக்கிழமை மட்டும் பேசுவான், பின்னால் இயந்திரச் சத்தம் கேட்கும், உடம்பு எப்படி என்று கேட்டு வைத்துவிடுவான்.

புஷ்பவள்ளி இந்த இடத்தில்தான் வருகிறாள். தெற்கு வீதி முனையில் சாயங்காலத்தில் தள்ளுவண்டி போட்டு இட்லி, தோசை விற்கிறாள். தனி ஆள். மகள் காயத்ரி கடலூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். சிதம்பரத்தில் வேலை முடியும் நாட்களில் பாய்க்கு இரவுச் சாப்பாடு அங்கேதான். எழிலரசி போன பிறகு எனக்கும் அங்கேதான். அவள் வண்டி அடுப்பை அவர்தான் பழுது பார்ப்பார். அவர் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டதும், கேட்காமலே தட்டில் மூன்று இட்லியும் வடகறியும் வைப்பாள். காரச் சட்னி வைக்க மாட்டாள். அவருக்குக் காரம் ஆகாது என்பது அவளுக்குத் தெரியும்.

அவளுக்கு வார லோன் மூன்று இருந்தது. வசூலுக்கு வரும் பையன்கள் வியாபாரம் சூடாக இருக்கும் நேரமாகப் பார்த்து வந்து வண்டியை ஒட்டி நிற்பார்கள். கொடுக்கும் வரை நகர மாட்டார்கள். அப்போதெல்லாம் பாய் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"தங்கச்சி, இந்த வட்டி உன் மாவுலயே கலந்துடுது."

"கலக்கட்டும் பாய். அதனாலதான் இப்படிப் பொங்குது."

"வெளையாட்டு இல்லம்மா."

"நான் மட்டும் வெளையாடுறனா? உங்களுக்கு முட்டி வலி, எனக்கு வெள்ளிக்கெழம வந்தா நெஞ்சு வலி. அவனுங்க வர்ற நாளு."

ரிஸ்வானின் எண்ணை அவர் அவளுக்குக் கொடுத்தார். அவள் கேட்கவில்லை, அவராகவே கொடுத்தார். மூன்று லோனையும் ஒரே நாளில் அடைத்துவிட்டு வட்டியில்லாமல் இருக்கலாம் என்றார். தனக்கு இன்னும் பணம் வரவில்லை என்பதையும் மறைக்கவில்லை. ஃபைல் டேபிளில் இருக்கிறது என்றார். அவள் அழைத்தபோது ரிஸ்வான், உங்கள் பகுதிக்கு ஸ்ரீதர் என்று ஒரு மேனேஜர் இருக்கிறார், அவர் பேசுவார் என்றானாம். ஸ்ரீதர் பேசினார். அவளும் முதல் கட்டணத்தைக் கட்டினாள்.

நான் அப்போதே தடுத்திருக்கலாமே என்று படிக்கிறவர்கள் கேட்கலாம். இருவரும் இதை என்னிடம் சொல்லவில்லை. வண்டியில் நான் யாரோடும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போகிற ஆள். நடந்ததெல்லாம் எனக்குத் தெரிந்தது அந்த ஒரு சாயங்காலத்தில்தான்.

பாய் வந்து உட்கார்ந்தார். தட்டை வாங்கும்போது புஷ்பவள்ளியின் காதைப் பார்த்தார். தோடு இருந்த இடத்தில் வேப்பங்குச்சி செருகியிருந்தது.

"தோடு எங்கம்மா?"

"வச்சாச்சி பாய். ஸ்ரீதர் சாரு ரெண்டாவது சார்ஜ் இன்னிக்கே கட்டணும்னுட்டாரு. நாளைக்கி லோன் ஏறிடுமாம். ஏறனதும் மூட்டுக்கலாம்."

"கொஞ்ச நாள்தான். அல்லாஹ் லேசாக்குவான்," என்றார் பாய். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

காயத்ரிக்காக எடுத்த தோடு அது. கல்யாணத்துக்கு வேறு எதுவும் கிடையாது என்று புஷ்பவள்ளியே இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அடகு வைத்த பணம் போன் வழியாகப் போகத் தயாராக இருந்தது.

போன் அடித்தது. கை முழுக்க மாவு. முழங்கையால் தள்ளி ஸ்பீக்கரில் போட்டு, சட்னிப் பாத்திரத்தில் சாய்த்து வைத்தாள்.

"மேடம், ஸ்ரீதர் பேசறேன். அமௌண்ட் ரெடியா? இன்னிக்கிப் போட்டீங்கன்னா நாளைக்கி கிரெடிட். டென்ஷன் ஆகாதீங்க."

"ரெடி சார். இந்த ஒரு தோசய எடுத்துட்டுப் போட்டுடறன்."

பாய் மெல்லுவதை நிறுத்தினார். தட்டோடு எழுந்து வந்தார். போனுக்கு மிக அருகில் குனிந்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும், ரிஸ்வான்."

"வஅலைக்கும் ஸலாம், சாச்..."

அதோடு நின்றுவிட்டது. யோசிப்பதற்கு முன்னால் வாய் பதில் சொல்லியிருந்தது. போனுக்குள் எங்கோ வாகனங்கள் போகும் ஓசை மட்டும் கேட்டது.

"மேடம், யாரு பக்கத்துல? பர்சனல் மேட்டர ஸ்பீக்கர்ல போடக் கூடாது," என்றது குரல், இப்போது வேறு மாதிரி.

"நான்தாம்பா, சாச்சா. காலையில பேசினியே. முட்டிக்கு எண்ணெ போடச் சொன்னியே." கோபமே இல்லாமல், அவன் மறந்துவிட்டதை நினைவுபடுத்துகிறவர்போலச் சொன்னார். அந்த நேரத்திலும் ஏதோ ஒரு விளக்கம் வரும் என்று எதிர்பார்த்தார் என்றே நினைக்கிறேன்.

கல்லில் தோசை கருகிப் புகைந்தது. புஷ்பவள்ளி பாயைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். கையைச் சேலை ஓரத்தில் துடைத்துக்கொண்டு போனைத் தானே எடுத்தாள்.

"சார், ஒண்ணு கேக்கறன். கட்ட வேண்டிய சார்ஜ லோன்லயே கழிச்சிக்கங்க. மீதியப் போட்டு வுடுங்க. எனக்குச் சம்மதம்."

"அப்படி ரூல்ஸ் இல்ல மேடம்."

"ஏன் சார் இல்ல? குடுக்கப் போறது நீங்க. அதுல புடிச்சிக்கினா யாருக்கு நட்டம்?"

"சிஸ்டம் அக்செப்ட் பண்ணாது. முன்னாடி பே பண்ணாத்தான்..."

"எங்க வார லோன்காரன் புடிச்சிக்கிட்டுதான் குடுக்கறான். மார்க்கெட்டுல கந்து வட்டிக்காரன், கழுத்துல கால வச்சி மிதிக்கிறவன், அவனே புடிச்சிக்கிட்டுதான் குடுக்கறான். உங்க கம்பெனியில யாருக்கும் கழிக்கத் தெரியாதா?"

"ஏய், தள்ளுவண்டிக்காரிக்கு லோன் ஒரு கேடா," என்றான். அதன் பிறகு அவன் சொன்னதை எழுத வேண்டியதில்லை. இணைப்பு அறுந்தது.

காத்திருந்த ஆட்டோக்காரர் மெதுவாக, "அக்கா, தோச?" என்றார்.

"தீஞ்சிருச்சிண்ணே. வேற ஊத்தறன்."

கல்லைச் சுரண்டினாள். தண்ணீர் தெளித்தாள். அடுப்பைத் திரும்பப் பற்றவைத்தாள். இன்னொரு தோசை ஊற்றி, வேகவிட்டு, ஆட்டோக்காரரின் தட்டில் வைத்தாள். பாய் தட்டோடு அங்கேயே நின்றார்.

"வட்டிக்கி வுடறவன எத்தினி பேர நான் பாத்திருக்கன் பாய். நல்லவன் கெட்டவன் எல்லாத்தையும். எவனும் முன்னாடி கேட்டதில்ல. எனக்குத் தெரியும் அது. நீங்க சொன்னீங்களேன்னு, தெரிஞ்சத மறந்துட்டன்."

"எனக்குத் தெரியாதும்மா. நான் வாங்கினதே இல்ல."

"அதான்," என்றாள்.

தோடு தப்பியது. மறுநாள் மீட்டுக்கொண்டாள், ஒரு நாள் வட்டியோடு. முதலில் கட்டிய கட்டணம் போனது போனதுதான். அந்தத் தொகையைப் பாய் ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து எண்ணெய் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் அது அவர் மொபெட்டின் பிஸ்கட் டின் மேலே இருந்தது. திரும்பக் கொண்டுவந்தார். "நீங்களா தின்னீங்க? வேணாம், எடுத்துக்கினு போங்க," என்றாள் முகம் பார்க்காமல். காசை வாங்கியிருந்தால் கணக்கு தீர்ந்திருக்கும். அவள் தீர்க்கவில்லை.

1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கு அவருக்காக நான்தான் அழைத்தேன். பணம் போனதும் அழைத்திருந்தால் அதை வழியிலேயே நிறுத்தப் பார்த்திருக்கலாம், இவ்வளவு நாள் ஆனதால் உறுதியில்லை என்று அந்தப் பக்கம் பேசிய பெண் பொறுமையாகச் சொன்னார். விவரங்களைக் கேட்டார். யாருக்கு அனுப்பினீர்கள் என்றபோது பாய் ரிஸ்வான் என்றார். கொஞ்சம் நிறுத்தி, "அது பொய்ப் பேராத்தான் இருக்கும்மா. ஆனா எழுதிக்கங்க," என்றார். அடுத்த நாளிலிருந்து ரிஸ்வானின் எண் அணைக்கப்பட்டிருந்தது. அணைக்கப்பட்டிருக்கிறது என்று எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"காலையில அடிச்சிப் பாத்தன் சார். திட்டலாம்னுதான். இப்ப காலையில வீட்டுல சத்தமே இல்ல. கடன் வரலன்னாலும் போன் வந்துச்சி."

மாடிப்படிக்குக் கீழே இருந்த இடத்தில் இப்போது போன் உறை விற்கிறார்கள். பாய் அதைக் கடந்துதான் போகிறார், பழனிவேலுக்கு வணக்கம் சொல்லிவிட்டு. எண்ணெய் தடவுவதை மட்டும் விடவில்லை. பயல் சொன்னதென்றாலும் வலி கேட்கிறது, அதற்கு எண்ணெய் என்ன பாவம் செய்தது என்கிறார்.

வீட்டுக்கு வீடு கேட்கும் அந்தக் கேள்வி அதற்குப் பிறகு வந்த பழக்கம்தான், எல்லாம் தெரிந்த என்னிடம்கூட அதை விடவில்லை. கேட்டதால் தப்பியவர்கள் இருக்கிறார்கள். பரங்கிப்பேட்டையில் ஷாசியா என்ற பெண், தையல் மெஷினுக்காகக் கட்டப் போன பணத்தை இவர் பேச்சைக் கேட்டு நிறுத்தினாள். "கழிச்சிக்கிட்டுக் குடுன்னு கேளு. மாட்டேன்னா வச்சிரு. இது என் புத்தி இல்ல, ஒரு அம்மா சொல்லிக் குடுத்தது," என்று அவளிடம் சொன்னாராம். புஷ்பவள்ளியின் பெயரை எங்கேயும் சொல்வதில்லை.

வண்டிக்கு வருவதை அவர் நிறுத்தவில்லை. அவளும் வராதே என்று சொல்லவில்லை. ஆனால் இப்போது அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டால், "எத்தினி?" என்று கேட்கிறாள். எல்லாரிடமும் கேட்பதுபோல. "மூணு," என்கிறார். காரச் சட்னியும் சேர்ந்து வருகிறது. அதைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுகிறார். அவள் பாய் என்று கூப்பிடுவதில்லை. அடுப்புக்கு வேறு ஆளையும் பார்க்கவில்லை, இவரிடமும் சொல்வதில்லை. வெள்ளிக்கிழமை வசூல் பையன்கள் வந்து நிற்கிறார்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. குனிந்து தட்டைப் பார்க்கிறார்.

போன வாரம் நானும் இருந்தேன். கடல் பக்கமிருந்து காற்று வீதியோடு வந்துகொண்டிருந்தது. அடுப்பைச் சுற்றி அவள் வைத்திருந்த அட்டை பறந்து ரோட்டுக்குப் போய்விட்டது. தீ ஒரு பக்கமாகப் படுத்து, நீலம் போய், கல்லின் ஓரத்தை மட்டும் நக்கியது. தோசை நடுவில் வேகவில்லை. ஆட்கள் நின்றார்கள். அவள் முந்தானையை விரித்துத் தடுத்துப் பார்த்தாள், ஒரு கையால் தோசையைத் திருப்பிப் பார்த்தாள். யாரையும் கூப்பிடவில்லை.

பாய் இட்லித் தட்டோடு எழுந்தார். அடுப்பைத் தொடவில்லை. வண்டியின் கிழக்குப் பக்கம் போய், காற்றுக்கு முதுகைக் கொடுத்து, கால்களை அகட்டி நின்றார். சட்டை முதுகில் ஒட்டிப் படபடத்தது. தீ நிமிர்ந்தது. அவள் ஒருமுறை தீயைப் பார்த்தாள், கரண்டியை மாவில் விட்டாள், அடுத்த தோசையை ஊற்றினாள். அவர் நின்றபடியே சாப்பிட்டார். தட்டு காலியான பிறகும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.